டாலஸ் போன மகளுக்கு, கார் இன்சூரன்ஸ் விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் நீ கோபமாக இருந்தாய். அதனால் நான் அதிகம் பேசவில்லை. விபத்து இல்லை, ஒரு டிராஃபிக் டிக்கெட் கூட வாங்கியதில்லை, காரும் அதே பழைய கொரோலா. கலிபோர்னியாவின் ஃப்ரீமான்டிலிருந்து டெக்சாஸின் டாலஸுக்கு வந்ததும் பிரீமியம் ஏன் இப்படி ஏறியது என்று கேட்டாய். நீ அனுப்பிய இன்சூரன்ஸ் கம்பெனிக் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். இரண்டாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் காரணம் இருக்கிறது. உன் கிரெடிட் ரிப்போர்ட்டில், அதாவது கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய விவரப் பதிவில், உள்ள தகவலால் அவர்களுடைய மிகக் குறைந்த கட்டணம் உனக்குக் கிடைக்கவில்லையாம்.

மொத்த ஏற்றத்தையும் இதன் தலையில் கட்ட முடியாது. உனக்கு இன்னும் 25 ஆகவில்லை. எங்கள் பாலிசியிலிருந்து பிரிந்து முதல் முறையாகத் தனியாக எடுக்கிறாய். போதாததற்கு அந்த ஊரில் ஆலங்கட்டி மழை பெய்தால் காரின் கூரை அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும். இதெல்லாம் கணக்கில் சேரத்தான் செய்யும். ஆனால் கிரெடிட் என்ற சங்கதி உனக்குப் புதிது, ஏனென்றால் நீ வளர்ந்தது கலிபோர்னியாவில். 1988-இல் இங்கே மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 103-ஆம் பிரேரணைப்படி, கார் இன்சூரன்ஸ் கட்டணத்தில் முதலில் நிற்க வேண்டியவை மூன்று: நீ எப்படி ஓட்டியிருக்கிறாய், வருடத்துக்கு எத்தனை மைல் ஓட்டுகிறாய், எத்தனை வருட அனுபவம். கிரெடிட் ஸ்கோருக்கு, அதாவது அந்த ரிப்போர்ட்டை வைத்துப் போடும் மதிப்பெண்ணுக்கு, அதில் இடமே இல்லை. மாசசூசெட்ஸிலும் ஹவாயிலும் கூட அப்படித்தான். டெக்சாஸில் அதற்கு அனுமதி உண்டு.

இன்சூரன்ஸ் கம்பெனிகள் பார்ப்பது வீட்டுக் கடனுக்கு வங்கி பார்க்கும் அதே எண் இல்லை. கிரெடிட் ரிப்போர்ட்டை வைத்தே இன்சூரன்ஸுக்கென்று தனியாக ஒரு ஸ்கோர் போடுகிறார்கள். இப்படி ஸ்கோர் போடும் ஃபைகோ நிறுவனத்தின் கணக்கில் சுமார் 40 சதவீதம் பில்களை ஒழுங்காகக் கட்டினாயா என்பதற்கு, 30 சதவீதம் இப்போது நிற்கும் கடனுக்கு, 15 சதவீதம் கணக்குகள் எவ்வளவு பழையவை என்பதற்கு. மிச்சம், புதிதாகக் கடன் தேடினாயா, என்னென்ன வகைக் கடன் வைத்திருக்கிறாய் என்பது. உன் சம்பளம் இதில் வராது. நீ பிரேக் போடும் விதமும் வராது.

சரி, உன் கணக்கைப் பார். இத்தனை வருடமும் டெபிட் கார்டிலேயே ஓட்டினாய். ஒரே ஒரு கிரெடிட் கார்டு, அதுவும் வேலைக்குச் சேர்ந்த பிறகு வாங்கியது. லிமிட் 1,500 டாலர்தான். புது வீட்டுக்குக் கட்டிலும் சோபாவும் அந்தக் கார்டில்தான் வாங்கினாய், முக்கால்வாசி நிரம்பியிருக்கும். அந்த நேரத்தில்தான் இவர்கள் உன் ரிப்போர்ட்டை எடுத்திருக்கிறார்கள். அடுத்த மாதமே முழுப் பணத்தையும் கட்டிவிட்டாய் என்பது அன்றைக்கு அதில் தெரிந்திருக்காது. கையில் இருக்கிற காசுக்குள் செலவு செய் என்று நானும் அம்மாவும் சொல்லி வளர்த்தோம். இந்த ஸ்கோரின் கண்ணில் அது "சரித்திரம் போதாது" என்று தெரிகிறது. அதற்காக அந்தப் பேச்சை நான் மாற்றப்போவதில்லை.

கம்பெனிகளிடம் ஆதாரமே இல்லை என்று நினைத்துவிடாதே. மத்திய வர்த்தக ஆணையம் 2007-இல் ஓர் அறிக்கை கொடுத்தது. ஸ்கோர் குறைந்தவர்கள் சராசரியாக அதிகம் கிளெய்ம் செய்கிறார்கள் என்பதை அது ஒப்புக்கொண்டது. கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும் கீழ்மட்ட ஸ்கோர்களில் அளவுக்கு அதிகமாக இருக்கிறார்கள் என்பதும் அதே அறிக்கையில் உண்டு. கூட்டத்தின் சராசரி சரியாகவே இருக்கட்டும். அதற்காக ஒழுங்காக ஓட்டுகிற ஒருத்தி மற்றவர்களின் கணக்கைச் சுமப்பது எனக்கு ஒப்பவில்லை. வேலை போனவன் கார்டு பில்லைத் தள்ளிப்போடுகிறான் என்றால் அவனுக்குச் சிக்னல் தெரியாமல் போய்விடுமா? 2021-இல் வாஷிங்டன் மாநில இன்சூரன்ஸ் கமிஷனர் மைக் கிரைட்லர் இதற்குத் தற்காலிகத் தடை போட்டுப் பார்த்தார். இன்சூரன்ஸ் தரப்பில் வழக்கு போட்டார்கள், தடை நிற்கவில்லை.

அப்புறம், நீ செய்ய வேண்டியது. அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போடாதே. எந்த நிறுவனத்திடமிருந்து ரிப்போர்ட் வாங்கினார்கள் என்று அதில் எழுதியிருக்கும்: ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன், அல்லது லெக்ஸிஸ்நெக்ஸிஸ் மாதிரி ஒன்று. கடிதம் வந்து 60 நாளுக்குள் கேட்டால் அந்த நிறுவனம் ரிப்போர்ட்டின் ஒரு பிரதியை இலவசமாகத் தர வேண்டும். மத்தியச் சட்டம் அது. அதை வரிவரியாகப் படி. கல்லூரியில் இருந்தபோது கை உடைந்து எமர்ஜென்சிக்குப் போனாயே, அந்த பில் கலெக்ஷனுக்கு (பாக்கி வசூலிக்கும் ஏஜென்சிக்கு) போனதாக இருக்கிறதா என்று முக்கியமாகப் பார். நாம் அதைக் கட்டிவிட்டோம், ரசீது என்னிடம் இருக்கிறது. மருத்துவக் கலெக்ஷன் என்று பதிவானதை டெக்சாஸில் உனக்கு எதிராக எண்ணக் கூடாது. தவறு இருந்தால் அந்த நிறுவனத்துக்கே எழுதிக் கொடு. பொதுவாக 30 நாளுக்குள் விசாரித்துப் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்னும் நாலைந்து கம்பெனிகளில் கொட்டேஷன் கேள். இன்சூரன்ஸுக்காக ரிப்போர்ட் பார்ப்பது உன் ஸ்கோரைக் குறைக்காது, பயப்படாதே. ஒவ்வொருவரும் கிரெடிட்டுக்குக் கொடுக்கும் எடை வேறு, அதனால் விலையும் நிறைய மாறும். கார்டு பில்லை ஸ்டேட்மென்ட் வருவதற்கு முன்பே கட்டிவிடு, நிற்கும் கடன் குறைவாகத் தெரியும். ஸ்கோரை ஏற்றலாம் என்று யாராவது புதுக் கடன் வாங்கச் சொன்னால் கேட்காதே. உன் அறைத்தோழி வேலை போய்க் கஷ்டப்படுகிறாள் என்றாயே, அவளிடமும் சொல்: வேலை இழப்பு, பெரிய நோய், விவாகரத்து, நெருங்கியவர் மரணம் போன்றவற்றால் கிரெடிட் கெட்டிருந்தால், எழுத்தில் கேட்பவர்களுக்கு டெக்சாஸில் கம்பெனி நியாயமான விலக்கு தர வேண்டும். கேட்காதவர்களுக்குத் தானாகக் கிடைக்காது.

பிரீமியத்தைக் குறைக்க கவரேஜை மட்டும் வெட்டிவிடாதே. டெக்சாஸில் சட்டப்படி குறைந்தபட்சம், அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கு 25,000 டாலர். அந்த ஊரில் ஓடுகிற பிக்அப் டிரக்குகளின் விலை என்ன என்று நீயே பார்த்துக்கொள். டிடக்டிபிளை, அதாவது கிளெய்மில் நீ கையிலிருந்து போட வேண்டிய முதல் பங்கை, 500 டாலரிலிருந்து 1,000 ஆக்கினால் எவ்வளவு குறைகிறது என்று வேண்டுமானால் கேட்டுப் பார். அந்த ஆயிரம் மட்டும் சேமிப்பில் தனியாக இருக்கட்டும்.

ரிப்போர்ட் வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை போனில் சேர்ந்து பார்க்கலாம். கம்பெனிக்கு எழுதும் கடிதத்தை நீ எழுது, நான் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா