ஒரே ஒரு நாள் சேவை போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கத்தோலிக்கப் பள்ளி மாணவர்கள் முதியோர் இல்லங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் போய் உதவுவதைப் பற்றித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்திகள் வருகின்றன. படிக்கும்போது மனம் நிறைகிறது. கூடவே ஒரு கவலையும் எழுகிறது. கத்தோலிக்கப் பள்ளியில் பல ஆண்டுகள் மறைக்கல்வி, அதாவது கிறிஸ்தவ சமயப் பாடம், நடத்தி, சனிக்கிழமைகளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இப்படிப்பட்ட இல்லங்களுக்குப் போய்வந்தவள் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

செயல் இல்லாத நம்பிக்கை செத்தது என்கிறது விவிலியத்தின் யாக்கோபு திருமுகம் (2:17). மறைக்கல்வித் தேர்வில் இதை எழுதாத பிள்ளை கிடையாது. பசித்தவருக்கும் நோயுற்றவருக்கும் செய்தது எனக்கே செய்தது என்று இயேசு சொல்லும் மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரமும் பலருக்கு மனப்பாடம். மனப்பாடம் செய்தது கைக்கு வர வேண்டும் என்றுதான் பள்ளிகள் சேவைத் திட்டம் வைத்தன. ஆனால் பல இடங்களில் அது ஆண்டுக்கு ஒரு நாள், இத்தனை மணி நேரம், கடைசியில் ஒரு சான்றிதழ் என்று சுருங்கிப்போய்விட்டது.

கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். நாங்கள் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தபோது வேறொரு பள்ளியிலிருந்து ஒரு குழு போர்வைகளோடு வந்தது. படம் சரியாக விழவில்லை என்று, ஒரு பாட்டியிடம் கொடுத்த போர்வையைத் திரும்ப வாங்கி மறுபடியும் கொடுக்கச் சொன்னார்கள். அவர் ஒன்றும் பேசாமல் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு இரண்டாவது முறையும் கை நீட்டினார். கொடுத்த சிறுமியின் முகம் வாடிப்போயிற்று. அங்கே நடப்பது சரியில்லை என்று அந்தப் பிள்ளைக்குப் புரிந்திருந்தது. பெரியவர்களுக்குத்தான் புரியவில்லை.

தருமம் செய்யும்போது வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்று மலைமீது தந்த போதனையான மலைப்பொழிவில் ஆண்டவர் இயேசு சொன்னதை நாம்தானே இந்தப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம்? 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட இத்தாலிய இளைஞர் பியர் ஜார்ஜோ ஃப்ரசாத்தியை நினைத்துக்கொள்கிறேன். வசதியான வீட்டுப் பிள்ளை. பயணத்துக்கு வைத்திருந்த காசை ஏழைகளிடம் கொடுத்துவிட்டு நடந்தும் ஓடியும் வீடு திரும்புவாராம். 1925இல், 24 வயதில், இளம்பிள்ளைவாதத்தால் இறந்தார். அவரது இறுதி ஊர்வலத்தில் டூரின் நகரத்து ஏழைகள் திரண்டு வந்த பிறகுதான் அவர் செய்துவந்ததன் அளவு பெற்றோருக்கே தெரிந்தது.

ஃப்ரசாத்தி சேர்ந்திருந்த, ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பான புனித வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கியவர்களும் மாணவர்கள்தான். 1833 ஏப்ரல் 23 அன்று பாரிசில், எம்மானுவேல் பெய்யி என்பவரின் பத்திரிகை அலுவலகத்தில் ஒரு சிறு குழு கூடியது. அதில் ஒருவரான ஃபிரெடெரிக் ஓசானாமுக்கு அன்றுதான் 20 வயது நிறைந்தது. "உங்கள் திருச்சபை இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறது?" என்று விவாத மேடையில் விழுந்த கேள்வி அவர்களை உலுக்கியிருந்தது. அவர்கள் நிதி திரட்டி அனுப்பிவிட்டு ஒதுங்கவில்லை. ஏழைகளின் வீடுகளையெல்லாம் அறிந்திருந்த அருள்சகோதரி ரோசலி ரான்டுவிடம் போய், எங்கே போவது, எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொண்டு, வீடு வீடாகப் போனார்கள். இருவர் இருவராகப் போய்ச் சந்திப்பது அச்சபையில் இன்றும் தொடரும் வழக்கம். அந்தச் சிறு குழு இன்று சுமார் 150 நாடுகளில் பரவியிருக்கிறது.

நம் பள்ளிகளில் விடுபட்டுப்போனது இந்தத் தொடர்ச்சிதான். போன இடத்துக்கே திரும்பப் போக வேண்டும், பார்த்த மனிதரையே திரும்பப் பார்க்க வேண்டும். எங்கள் குழுவில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், அச்சகத்தில் எழுத்துக் கோத்து ஓய்வுபெற்ற ஒரு தாத்தாவுக்கு நகம் வெட்டிவிட ஆசைப்பட்டான். அவரோ கையைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டார். பையன் விடவில்லை. வாரா வாரம் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் வாசித்துக் காட்டினான். அச்சுப் பிழை வந்தால் தாத்தா திருத்துவார். ஒரு சனிக்கிழமை அவரே கையை நீட்டினார். தடித்துப்போன நகங்களை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, செவிலியர் சொல்லிக்கொடுத்தபடி ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அவன் வெட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு நாள் விஜயத்தில் இது நடந்திருக்குமா?

கல்கத்தா என்டாலியில் அன்னை தெரேசா கற்பித்த புனித மேரி பள்ளியின் மாணவியர் சேரிகளுக்கும் மருத்துவமனைக்கும் தவறாமல் போய்வந்தவர்கள். 1948இல் அவர் துறவற இல்லத்தை விட்டுத் தெருவில் இறங்கியபோது, அடுத்த ஆண்டே முதல் ஆளாக வந்து சேர்ந்தவர் அவருடைய பழைய மாணவி சுபாஷினி தாஸ். தொடர்ந்து வந்தவர்களிலும் பலர் அவரிடம் படித்தவர்களே. எல்லாப் பிள்ளைகளும் துறவிகளாக வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. பள்ளி வயதில் ஏழைகளைப் பெயர் சொல்லிப் பழகியவர்களுக்கு அந்த அழைப்பு புதிதாக இருந்திருக்காது.

எங்களோடு வந்தவர்களில் பிற சமயப் பிள்ளைகளும் உண்டு. திரும்பி வந்ததும் வட்டமாக உட்கார்ந்து அன்று பார்த்ததைப் பேசுவோம். கிறிஸ்தவப் பிள்ளைகள் நற்செய்தியிலிருந்து பேசுவார்கள், மற்றவர்கள் தங்கள் வீட்டில் கற்றதிலிருந்து. யாரையும் ஜெபிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தியதில்லை. "இவரைப் பார்க்க ஏன் ஒருவரும் வருவதில்லை?", "மாத்திரை ஏன் பாதி மாதத்தில் தீர்ந்துபோகிறது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பார், சிந்தி, செயல்படு என்று மாணவர் இயக்கங்களில் சொல்வோமே, அதில் நடுவில் இருப்பதற்குத்தான் இப்போது நேரம் ஒதுக்குவதில்லை. அந்த அரை மணி நேரத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் விநியோகம்.

பள்ளி நிர்வாகங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: பெரிய குழுவாக ஒரு நாள் போவதை விடுத்து, விருப்பமுள்ள சிலரை ஆசிரியர் துணையோடும் இல்லத்தின் அனுமதியோடும் ஆண்டு முழுவதும் அனுப்புங்கள். மதிப்பெண்ணோடு இணைக்காதீர்கள். கைப்பேசிகள் பள்ளியிலேயே இருக்கட்டும். வராத பிள்ளையை வகுப்பில் சுட்டிக்காட்டவும் வேண்டாம்.

தங்களிடமும் ஒன்று கேட்கிறேன். உதவி பெறுபவரின் முகம் தெரியும் படங்களை, அவருடைய சம்மதம் இல்லாமல் வெளியிடாதீர்கள். ஒரு பள்ளி சேவை தொடங்கிய செய்தி வந்தால், ஆறு மாதம் கழித்து அந்தப் பிள்ளைகள் இன்னும் போகிறார்களா என்று விசாரித்து, அதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மறைக்கல்வி ஆசிரியை