வண்ணம் பூசும் முன் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள்

பூட்டிக் கிடக்கும் கட்டடத்தை இசைக்கருவிக் கடையாக மாற்ற முடிவு செய்திருக்கும் குழுவினருக்கு,

வணக்கம். இடித்துத் தள்ளாமல் மாற்றிக் கட்ட நினைத்ததற்கு முதலில் நன்றி. கனமான சுவரும் உயரமான கூரையும் பல பழைய கட்டடங்களில் கேட்காமலே கிடைக்கும். புதிதாகக் கட்டினால் அவற்றுக்குத்தான் பணம் கரையும். ஆனால் இதுபோன்ற திட்டங்களில் பெயர்ப்பலகை, விளக்கு, கண்ணாடி முகப்பு என்று கண்ணுக்கான வேலைகள்தான் முதலில் பேசப்படுகின்றன. காதால் தேர்ந்தெடுத்து வாங்கும் கடை இது. ஒலிக்கான வேலையை முதலில் தீர்மானியுங்கள், மிச்சத்தில் அலங்காரம் செய்துகொள்ளலாம் என்று கேட்கத்தான் இந்த மடல்.

காலி அறையின் நடுவில் நின்று கைதட்டிப் பாருங்கள். 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். வெறும் பூச்சுச் சுவரும் சிமெண்டுத் தரையும் என்றால் அந்தச் சத்தம் முழுசாக அடங்க 5 விநாடிக்கு மேல் ஆகும். அங்கே வயலினில் வேகமாக நாலு ஸ்வரம் வாசித்தால் ஒன்றோடொன்று குழம்பிப் போகும். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பேச்சே சரியாகக் கேட்காது.

இதற்குக் கணக்கு இருக்கிறது. 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில், பேசுவது புரியாத ஒரு விரிவுரை அரங்கைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சாபின் என்ற இயற்பியலாளரிடம் வந்தது. வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, ஒலி எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று அளந்து அளந்தே அவர் தன் சூத்திரத்தைக் கண்டார். அதன்படி, நம் அறையில் அந்த 5 விநாடியை 0.6 விநாடியாகக் குறைக்க, ஒலியை முழுதாக உறிஞ்சும் பரப்பு சுமார் 85 சதுர மீட்டர் வேண்டும். தரையின் பரப்பே 80தான். ஓரத்தில் ஒரு திரைச்சீலை தொங்கவிட்டுச் சமாளிக்கிற காரியம் இல்லை.

அதற்காக எல்லாவற்றையும் பஞ்சால் மூடிவிடவும் வேண்டாம். செத்துப்போன அறையில் நல்ல கிட்டாரும் உயிரற்றுத்தான் ஒலிக்கும். தந்திக் கருவிகளுக்குக் கொஞ்சம் முழக்கம் மிஞ்சிய அறை, டிரம்ஸுக்கு நன்றாக அடங்கிய அறை என்று பிரித்துக் கொடுங்கள்.

அப்புறம், ஃபோம். அறைக்குள் சத்தத்தை அடக்குவது வேறு, வெளியே போகாமல் தடுப்பது வேறு. சுவரில் ஒட்டும் ஃபோமோ முட்டை அட்டையோ பக்கத்து வீட்டாரின் தூக்கத்தைக் காப்பாற்றாது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 41 முறை, அதிர்கிறது. அந்த அலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல். 5 சென்டிமீட்டர் ஃபோம் அதை என்ன செய்யும்? அதைத் தடுக்கக் கனமும் இடைவெளியும் வேண்டும்: சுவரைத் தொடாத இன்னொரு சுவர், ரப்பர் மேல் நிற்கும் தரை. சந்துபொந்துகளையும் அடைக்க வேண்டும். சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், எவ்வளவு கனமான சுவராக இருந்தாலும் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. கதவின் அடியில் தெரியும் வெளிச்சக் கீற்று, ஏ.சி. குழாய், சுவிட்ச் பெட்டி என்று எல்லாமே ஓட்டைதான்.

சின்ன விஷயம் ஒன்று: யாராவது பேஸ் வாசித்தால், தூரத்தில் சும்மா நிற்கும் ஸ்நேர் டிரம்மின் அடிக்கம்பிகள் ‘ஜிர்’ரென்று கூடவே அதிரும். சோதித்துப் பார்க்கும் அறைக்குள் விற்பனைச் சரக்கைக் குவிக்காதீர்கள். மரக் கருவிகள் இருக்கும் இடத்தில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் நிற்கட்டும்.

ஆகவே ஒரே கோரிக்கை. ஒலியியல் தெரிந்தவர் வந்து அளந்து, வரைபடம் கையில் வரும்வரை எலக்ட்ரீஷியனையோ ஏ.சி. ஆட்களையோ சுவரில் துளை போட விடாதீர்கள். போட்ட பிறகு அடைப்பது இரட்டிப்பு வேலை.

அன்புடன்,
வாசித்துப் பார்த்தே கருவி வாங்கும் ஒருவன்