மாம்பாக்கம் பக்கமும் கொஞ்சம் பஸ் விடுங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

2023 டிசம்பர் கடைசில கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டை திறந்தப்போ வண்டலூர் கேளம்பாக்கம் ரோட்டுக்காரங்க நாங்க சந்தோஷம்தான் பட்டோம், கோயம்பேடு வரைக்கும் போற அலைச்சல் மிச்சம்னு. ஆனா பாருங்க, மதுரைலருந்து ராத்திரியெல்லாம் உக்காந்து வந்து விடியக்காலைல கிளாம்பாக்கத்துல இறங்குனா அங்கருந்து கண்டிகை, மாம்பாக்கம் வர்றதுதான் பெரும்பாடா இருக்கு, நேர் பஸ் கண்ணுல படமாட்டேங்குது, வண்டலூர் போய் மாறணும், அங்க ஷேர் ஆட்டோக்காரர் இன்னும் ரெண்டு பேர் ஏறட்டும்னு நிக்கிறாரு, மூட்டையும் தூங்குற புள்ளையுமா நாம நசுங்கி உக்காந்திருக்கணும்.

லேடீஸுக்கு சாதா பஸ்ல 2021லருந்து டிக்கெட் கிடையாது, நல்ல திட்டம், ஒத்துக்குறேன். ஆனா அந்த பஸ் வந்தாத்தானே ஓசி, வரலன்னா ஆட்டோவுக்கு காசு குடுத்துத்தானே ஆகணும்!

பெருசா ஒண்ணும் கேக்கல சார். கிளாம்பாக்கத்துலருந்து மாம்பாக்கம் வழியா கேளம்பாக்கத்துக்கு சின்ன பஸ்ஸாவது காலைல நாலு மணிலருந்து விடட்டும், அப்படியே பொன்மார் வழியா மேடவாக்கம், வேளச்சேரி ஸ்டேஷன் வரைக்கும் ஆபீஸ் டைம்ல கூட நாலு சர்வீஸ் போட்டா பறக்கும் ரயில புடிக்கிறவங்களுக்கு தாம்பரம் சுத்த வேண்டியதில்ல. ஸ்டாப்புல டைம் எழுதுன போர்டு ஒண்ணு. கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு இப்போ டீக்கடைலதான் கேக்க வேண்டியிருக்கு, அவரும் ஆளுக்கு ஒரு டைம் சொல்றாரு.

இப்படிக்கு,
மாம்பாக்கம் வாசகர்