டால்மேஷியப் பயணத்தில் ஊர்களைக் குறைத்தது ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

குரோவேஷியாவின் டால்மேஷியக் கடற்கரைக்கு நாங்கள் அழைத்துச் செல்லும் செப்டம்பர் பயணத்தின் புதிய திட்டத்தை அனுப்பியதும் பலர் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். பத்து நாளில் ஒன்பது ஊர் என்றிருந்தது நான்காகிவிட்டது. கட்டணம் ஏன் குறையவில்லை? கேட்க வேண்டிய கேள்விதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு குழுவினர் ஹ்வார் தீவிலிருந்து காலைப் படகில் புறப்பட்டு, அன்று மாலையே விமானம் ஏறும்படி திட்டமிட்டிருந்தோம். முந்தின இரவு 'யூகோ' வீசத் தொடங்கியது. தென்கிழக்கிலிருந்து மழையையும் பெரிய அலைகளையும் கொண்டுவரும் காற்று அது. விரைவுப் படகுகளை நிறுத்திவிட்டார்கள். பதினான்கு பேர், அவர்களில் மூவர் எழுபதைக் கடந்தவர்கள், பெட்டிகளோடு துறையில் காத்திருந்தார்கள், விமானம் போய்விட்டது. படகை நிறுத்தியவர்கள் செய்தது சரி. கடலை நம்பி விமானத்துக்கு நேரம் குறித்த எங்கள் திட்டம்தான் தவறு. செலவை நாங்களே ஏற்றோம் என்றாலும், அந்தப் பெரியவர்களிடம் பட்ட வெட்கம் இன்னும் ஆறவில்லை.

ஆகவே இனி விமானத்துக்கு முந்தின இரவு நிலப்பகுதியில்தான் தங்குவோம். ஸ்ப்ளிட், ஹ்வார், கோர்ச்சுலா, டுப்ரோவ்னிக் ஆகிய நான்கிலும் குறைந்தது இரண்டு இரவுகள். ஒரு நாள் படகு ஓடாவிட்டாலும் பயணம் குலையாது.

இன்னொரு காரணமும் உண்டு, எங்களுக்கு அதுவே பெரியது. இந்த ஊர்கள் பகல் நேரத்துக் கூட்டத்தில் தங்கள் முகத்தைக் காட்டுவதில்லை. டுப்ரோவ்னிக்கில் உல்லாசக் கப்பல்களின் கூட்டம் இறங்கிவிட்டால் 1,940 மீட்டர் நீளமுள்ள மதில்மேல் வரிசையில் நகர வேண்டியதுதான். கதவு திறந்ததும் ஏறினால் ஒருபுறம் சிவப்பு ஓட்டுக் கூரைகள், மறுபுறம் கடல். யூகோஸ்லாவியா உடைந்தபோது 1991இல் தொடங்கிய முற்றுகையில் குண்டுபட்ட கூரைகள் எவை என்று புதிய ஓடுகளின் நிறமே சொல்லும். அங்கே நின்று பார்க்க நேரம் வேண்டாமா?

ஸ்ப்ளிட்டும் அப்படித்தான். ரோமப் பேரரசன் டயோக்ளீஷியன் பதவி துறந்து வாழ 305ஆம் ஆண்டு வாக்கில் கட்டிய அரண்மனைக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். கிறிஸ்தவர்களை வதைத்த அவனுடைய கல்லறையே பின்னாளில் பேராலயமாகிவிட்டது. ஹ்வார் தீவில் ஸ்டாரி கிராட் சமவெளியை மறவாமல் பாருங்கள். கி.மு. 384இல் வந்து குடியேறிய கிரேக்கர்கள் கல் அடுக்கிப் பிரித்த நிலங்களில் இன்றைக்கும் திராட்சையும் ஆலிவும் விளைகின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது கோர்ச்சுலா. அதே பெயருள்ள தீவில், மீன்முள் போல் தெருக்கள் பிரியும் ஊர். மேற்குப் பக்கத் தெருக்களை நேராக அமைத்தார்கள், கோடைக் கடற்காற்று உள்ளே வரட்டும் என்று. கிழக்குப் பக்கத் தெருக்களை வளைத்தார்கள், 'பூரா' என்னும் குளிர்காற்று புகாமலிருக்க. நம் வாடையைப் போல அது வடகிழக்கிலிருந்து வருவது. மார்க்கோ போலோ இங்கே பிறந்தவர் என்று ஒரு வீட்டையும் காட்டுவார்கள். அதற்கு ஆவணச் சான்று இல்லை. 1298இல் இத்தீவருகே வெனிஸும் ஜெனோவாவும் கடலில் போரிட்டது உறுதி, அதில் அவர் சிறைப்பட்டார் என்று சொல்வதுண்டு. நம் காயல் துறைமுகத்தில் குதிரைகள் வந்திறங்கியதை எழுதிவைத்தவர் அவர் என்பதால், அந்த வீட்டின் முன் நம்மவர்கள் சற்று அதிக நேரம் நிற்பார்கள்.

கட்டணத்துக்கு வருகிறேன். ஊர்கள் குறைந்ததால் பஸ் செலவு குறைந்தது உண்மை. அந்தப் பணம் முழுதும் பழைய நகரங்களுக்குள்ளேயே அறை எடுப்பதற்குப் போகிறது. ஊருக்கு வெளியே மலிவான விடுதியில் தங்கவைத்தால் மாலை நேரம் உங்களுக்குக் கிடைக்காது.

மோஸ்தாரையும் கோட்டோரையும் சேர்க்கச் சொன்னவர்களுக்கு: முன்பு ஸ்ப்ளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக்குக்குச் சாலை வழியே போனால் போஸ்னியாவுக்குள் நுழைந்து வெளியேற வேண்டியிருந்தது. 2022 ஜூலையில் பெலியேஷாட்ஸ் பாலம் திறந்தபின் அது தேவையில்லை. 2023 தொடக்கத்தில் ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் அமைப்பான ஷெங்கனிலும் குரோவேஷியா சேர்ந்துவிட்டதால் ஒருமுறை நுழையும் விசாவே போதும். மோஸ்தார் போஸ்னியாவிலும் கோட்டோர் மாண்டினீக்ரோவிலும் இருக்கின்றன. அங்கே போய்த் திரும்பினால் ஷெங்கனுக்குள் மறுபடி நுழைய வேண்டியிருக்கும். பலமுறை நுழையும் விசா கிடைத்தவர்களுக்குத் தனியாக ஏற்பாடு செய்து தருகிறோம்.

கடற்கரைகளில் மணல் குறைவு, கூழாங்கல்தான். உடலெங்கும் முள்ளுள்ள கடல் முள்ளெலி என்னும் சிற்றுயிர்களும் உண்டு. தண்ணீரில் அணியும் ரப்பர் செருப்பு எடுத்து வாருங்கள். சைவ உணவுக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். கீரையும் உருளைக்கிழங்கும் பூண்டோடு ஆலிவ் எண்ணெயில் புரட்டிய 'பிளித்வா' பெரும்பாலான உணவகங்களில் கிடைக்கிறது. கீரை வைத்துச் சுட்ட 'சோபார்னிக்' அப்பத்தையும் ஒரு நாள் வாங்கித் தருவோம்.

மூட்டு வலி உள்ளவர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். கோர்ச்சுலாவில் படி குறைவான தெருவில் அறை பிடிக்க வேண்டும். அவைதான் முதலில் தீர்ந்துபோகின்றன.

அன்புடன்,
பயண ஏற்பாட்டாளர்