இயற்பியல் வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். வியாசர்பாடியில் பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுப்பவன் நான். போன செமஸ்டரில் ஒரு மார்க் கேள்வி: 'நல்லியல்பு வாயுவின் என்ட்ரோபி கூட்டல் பண்பு உடையது. சரியா, தவறா?' (நல்லியல்பு வாயு என்றால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாத வாயு. என்ட்ரோபி, அந்த மூலக்கூறுகள் எத்தனை நிலைகளில் அமையலாம் என்று எண்ணிப் பெறும் அளவு. கூட்டல் பண்பு என்றால் வாயு இரட்டித்தால் அதுவும் இரட்டிக்கும்.) என் மாணவி ஒருத்தி 'எப்படி எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது' என்று எழுதினாள். சுழி. மார்க் போகட்டும், அவள் எழுதியதில் என்ன தப்பு?

எங்கள் தெருவில் சாயங்காலம் ஆனால் கேரம் போர்டு வெளியே வந்துவிடும். அதில்தான் இதைச் சொல்லிக் கொடுத்தேன். நடுவே ஒரு ஸ்கேல். இந்தப் பக்கம் ஒன்பது கறுப்பு, அந்தப் பக்கம் ஒன்பது வெள்ளை. ஸ்கேலை எடுத்துவிட்டு ஸ்டிரைக்கரால் நாலு அடி அடித்தால் கலந்துவிடும். பிரிக்க மெனக்கெட வேண்டும். இரண்டு பக்கமும் கறுப்பே என்றால்? ஸ்கேலைத் திரும்ப வைத்தால் பழைய போர்டுதான், ஏறக்குறைய. அந்த 'ஏறக்குறைய'வுக்குப் பிறகு வருகிறேன்.

ஒரே வெப்பநிலை, அழுத்தத்தில் இரு வேறு வாயுக்கள், ஒவ்வொன்றும் ஒரு மோல் (சுமார் 6×10²³ மூலக்கூறு), கலந்தால் என்ட்ரோபி கெல்வினுக்குச் சுமார் 11.5 ஜூல் கூடும். மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து எண்ணினால், இரு பக்கமும் ஒரே வாயு இருந்தாலும் கணக்கு அதே 11.5 என்கிறது. ஸ்கேல் மாதிரி நடுவே இருந்த சுவரை எடுத்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லையே! அமெரிக்க இயற்பியலாளர் கிப்ஸ் பெயரில் வழங்கும் கிப்ஸ் முரண்பாடு இதுதான். நிலைகளின் எண்ணிக்கையைத் துகள் எண்ணிக்கையின் ஃபேக்டோரியலால் (ஒன்றிலிருந்து அந்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்கியது) வகுத்தால் அது போய்விடும், என்ட்ரோபிக்குக் கூட்டல் பண்பும் வந்துவிடும். ஏன் வகுக்கிறோம் என்றால் 'குவாண்டம்' என்று ஒரு வரியோடு நோட்ஸ் முடிந்துவிடுகிறது. கிப்ஸ் நூல் வெளிவந்தது 1902இல். குவாண்டம் இயந்திரவியல் வர இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தது. ஒத்த துகள்கள் இடம் மாறிக்கொண்டால் அதைப் புது நிலையாக எண்ண வேண்டாம் என்று அதிலேயே வாதிட்டிருக்கிறார்.

அப்புறம் அந்த 'ஏறக்குறைய'. ஸ்கேல் இருக்கும்வரை ஒன்பதுக்கு ஒன்பது. எடுத்தால் பத்துக்கு எட்டும் வரலாம். அதற்கும் என்ட்ரோபி உண்டு. பக்கத்துக்கு ஒன்பது மூலக்கூறு என்றால் போல்ட்ஸ்மேன் மாறிலியைப் (மூலக்கூறு அளவில் என்ட்ரோபியை அளக்கும் மிகச் சிறிய எண்) போல் சுமார் 1.7 மடங்கு, ஒரு மோல் என்றாலும் வெறும் 28 மடங்குதான். பெரிய ஃபேக்டோரியல்களைச் சுருக்கிக் கணக்கிடும் ஸ்டிர்லிங் தோராயத்தில் நாம் சத்தமில்லாமல் கழற்றிவிடுவது இதைத்தான். 11.5 ஜூலுக்கு முன்னால் இது தூசிகூட இல்லை. ஆனாலும் சுழி இல்லை.

அடுத்த முறை இதையே ஐந்து மார்க்குக்குக் கேளுங்கள்: 'நடுச்சுவரை எடுத்தால் என்ட்ரோபி எவ்வளவு மாறும்? வகுத்தும் வகுக்காமலும் கணக்கிடுக.' அவள் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டியிருக்கிறாள்.