எப்போதாவது கொடுப்பதுதான் சிக்கல்

அன்புள்ள செல்வம்,

புது வேலை பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். நான் இப்போது கற்றல் உளவியல் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, சின்னவன் போன் கேட்டு அழுவதைப் பற்றி நீ எழுதிய வரியைத் தாண்டவே முடியவில்லை: "பெரும்பாலும் கொடுப்பதில்லை, ரொம்ப அழுதால் மட்டும்தான்."

கேட்ட உடனே கொடுத்துப் பழக்கியிருந்தால்கூட இதைவிடச் சீக்கிரம் நிறுத்தியிருக்கலாம்! ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் புறாக்களோடு செய்த சோதனைகளை 1957இல் பெரிய புத்தகமாகவே போட்டார்கள். பொத்தானை அலகால் கொத்தும் ஒவ்வொரு முறையும் தீனி கிடைத்து வந்த புறா, தீனி நின்றால் கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். எத்தனையாவது கொத்துக்குக் கிடைக்கும் என்றே தெரியாமல் பழகிய புறா இருக்கிறதே, அது லேசில் விடாது, சூதாட்ட மெஷின் முன்னால் உட்கார்ந்தவன் எழுந்திருக்காததும் இதனால்தான். உன் விஷயத்தில் இன்னொன்றும் சேர்கிறது, ரொம்ப அழுதால்தான் கிடைக்கும் என்பதால் ரொம்ப அழுவதையே அவன் கற்றுக்கொள்கிறான்.

அவன் மட்டுமா, நீயும்தான். போனைக் கொடுக்கிறாய், சத்தம் நிற்கிறது, அந்த நிம்மதி அடுத்த முறையும் உன்னைக் கொடுக்க வைக்கிறது. எதிர்மறை வலுவூட்டல் என்பது இதுதான். பலர் இதைத் தண்டனை என்று நினைக்கிறார்கள், தண்டனை ஒரு நடத்தையைக் குறைக்கும், இது தொல்லையை விலக்கி நடத்தையைக் கூட்டும்.

சரி, நிறுத்தப் போகிறாய் என்றால் முதலில் அழுகை கூடலாம். அந்த நேரத்தில் இறங்கிவிட்டால் முன்னைவிட மோசம். அப்புறம் அடங்கும், அடங்கிச் சில நாள் கழித்துத் திடீரென்று மறுபடி வரும். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் தன் நாய்களிடமே இதைப் பார்த்தார்: ஒரு சமிக்ஞை வந்தால் உணவு வரும் என்று பழகிய நாய்க்கு, உணவு தராமல் அந்தச் சமிக்ஞையை மட்டும் காட்டிக்கொண்டே இருந்தால் எச்சில் ஊறுவது நின்றுவிடும், கொஞ்சம் இடைவெளி விட்டுக் காட்டினால் திரும்பவும் ஊறும். (அவருக்கு 1904இல் நோபல் கிடைத்தது இதற்கல்ல, செரிமான ஆய்வுக்கு!) பழையது அழிவதில்லை, புதியது அதன்மேல் படிகிறது, அவ்வளவுதான். அதனால் ஒரு நாள் திரும்ப அழுதான் என்று மனம் விட்டுவிடாதே.

போனே கூடாது என்று நான் சொல்லவில்லை. அழுகைக்குக் கொடுக்காமல், தினமும் ஒரே நேரத்தில், அவன் அமைதியாக இருக்கும்போது நீயாகக் கொடு.

ஒன்று மட்டும் நீ எழுதவில்லை. நீ வீட்டில் இல்லாதபோது அவன் அழுதால் யார் எடுத்துக் கொடுக்கிறார்கள்? நீ மட்டும் உறுதியாக இருந்து இன்னொருவர் கொடுத்தால் மறுபடியும் அந்தப் புறா கதைதான். விசாரித்து எழுது.

அன்புடன்,
குமார்