கருண்: ஃபான் ராங் மக்களுக்கு ஒரு நன்றி மடல்

வியட்நாமிலும் கம்போடியாவிலும் வாழும் சாம் மக்களின் மொழியில் நன்றிக்குச் சொல் 'கருண்'. முதல் தடவை கேட்டபோது 'கருணை' என்றே காதில் விழுந்தது. நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்தேன். வியட்நாமின் தெற்குக் கடலோரத்தில், ஃபான் ராங் பக்கம், மூன்று வாரம் நான் செய்ததெல்லாம் இதுதான். எதைக் கேட்டாலும் "அட, நம்முடையது!" என்று குதிப்பது. முகம் சுளிக்காமல் என்னைத் திருத்தியவர்களுக்காக இந்த மடல்.

முதல் நன்றி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு. பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை. சிவன் கோயில், பல்லவ எழுத்தின் சாயல் என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அவர் பேசாமல் என் நோட்டில் சில வரிகள் எழுதினார். நடு வியட்நாமில் த்ரா கியு என்ற ஊர்ப் பக்கத்தில் கிடைத்த, சுமார் 4ஆம் நூற்றாண்டுச் சாம் கல்வெட்டு அது. தென்கிழக்காசியா, பசிபிக் தீவுகள் என்று பரவிக் கிடக்கும் ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்தில் எதிலும் இதைவிடப் பழைய எழுத்து இதுவரை கிடைத்ததில்லை. அரசனின் நாகத்தை வணங்குகிறவனுக்கு வானத்திலிருந்து மணிகள் உதிரும், பழிக்கிறவன் ஏழு தலைமுறைச் சுற்றத்தோடு ஆயிரம் ஆண்டு நரகத்தில் கிடப்பான் என்கிறது. "சொர்க்கம், நரகம், குலம்!" என்று மறுபடியும் குதித்தேன். "சரி, மீதிச் சொற்கள்?" என்று கேட்டார்.

மீதியைச் சொன்னது மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் என் பெரியம்மா மகள். நோட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. "ஏன்டா, உராங்னா ஆளு. சரிபுன்னா ஆயிரம். திஜு, ஏழு. இது மலாய் மாதிரியே இருக்கே!" ஒரே வரியில் எனக்குத் தெரிந்தது சமஸ்கிருதத்திலிருந்து கடன் வாங்கிய சொற்கள், அவளுக்குத் தெரிந்தது மொழியின் சொந்தச் சொற்கள். அப்புறம் ஒன்று முதல் பத்து வரை சொல்லச் சொன்னாள். "சா, துவா, க்லாவ், பாக், லிமா, நாம்..." க்லாவில் மட்டும் தடுக்கினாள், மலாயில் மூன்றுக்குத் 'திகா' என்பதால். கடல் தாண்டிய இந்தச் சொந்தத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்கு நன்றி, அக்கா. போன் செலவை நேரில் வந்து கழிக்கிறேன்.

பாவ் ட்ரூக் கிராமத்துக் குயவர் அம்மாவுக்கு அடுத்த நன்றி. அங்கே சக்கரம் கிடையாது. பானை அசையாமல் நிற்கும், வனைகிறவர்தான் முதுகு வளைந்து அதைச் சுற்றிப் பின்னோக்கி நடப்பார். அப்படி நடந்துகொண்டே எனக்கு மூன்று சொல் சொல்லிக் கொடுத்தார். நெல்லுக்குப் 'பதாய்', அரிசிக்கு 'ப்ராஹ்', சோற்றுக்கு 'லசேய்'. மூன்றுக்கும் மூன்று பெயர், நம் வீட்டைப் போலவே. இந்தத் தடவை நான் குதிக்கவில்லை. நெல் விளைகிற ஊரில் வேறு எப்படி இருக்கும்?

சாம் மக்களின் கதே திருவிழாவுக்குக் கூட்டிப்போன கல்லூரி மாணவிக்கும் கடன்பட்டிருக்கிறேன். விழாவுக்கு முன்னால் மலையிலிருந்து ரக்லாய் மக்கள் தெய்வத்தின் ஆடைகளைச் சுமந்துகொண்டு இறங்குவார்கள். ஆண்டு முழுவதும் அவை அவர்களிடம்தான் இருக்கும். ஏன் அவர்களிடம் என்று கேட்டேன். சாம் அக்கா, ரக்லாய் தங்கை, தாய்வழிக் குடும்பத்தில் பூர்வீகச் சொத்துக் கடைசி மகளுக்கு என்றாள். ரக்லாய் பேச்சும் சாம் மொழியின் குடும்பமான சாமிய மொழிகளில் ஒன்றுதான். ஜராய், எதே, சுரு, ஹரோய் எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். சுமத்ராவின் ஆச்சே மொழி நெருங்கிய உறவு. இன்னொரு கிளை சீனாவின் ஹைனான் தீவுக்குப் போய்விட்டது. சுற்றிலும் சீனம் பேசிப் பேசி அங்கே சொற்கள் ஓரசையாகச் சுருங்கிவிட்டன, 'லிமா' வெறும் 'மா' ஆகிவிட்டது. குரலின் ஏற்ற இறக்கம்தான் இப்போது பொருளைப் பிரிக்கிறது. இதை ஆசிரியர் சொன்னபோது அவர் குரலில் வருத்தம் இல்லை. எனக்குத்தான் ஏனோ இருந்தது.

கம்போடியாவிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், 1975க்குப் பிறகான நான்கு ஆண்டுகளில், கெமர் ரூஜ் கொடுங்கோல் ஆட்சியில், தன் குடும்பத்தில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று விரல் மடக்கிக் காட்டினார். அவரிடம் நான் சொல் எதுவும் கேட்கவில்லை. உட்கார இடம் கொடுத்தார், தேநீர் கொடுத்தார். அதற்கு நன்றி.

நியா ட்ராங் போகும் பேருந்தில் நோட்டை விட்டுவிட்டு இறங்கிய முட்டாள் நான்தான். மறுநாள் அதே வண்டியின் நடத்துனர் அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்து கொடுத்தார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. அந்த நோட்டு இல்லையென்றால் இந்த மடலும் இல்லை.

ஆசிரியர் ஐயா, நோட்டின் நகலைத் தபாலில் போட்டிருக்கிறேன். பிழைகளைச் சிவப்பு மையில் அடித்துத் திருப்பி அனுப்புங்கள். அம்மா, நீங்கள் கொடுத்த சின்னப் பானை ஊர் வந்து சேர்ந்தது. விளிம்பில் மட்டும் ஒரு விரிசல், அது விமானத்தில் என் கைப்பையால் வந்தது. இப்போது அதில் உப்பு போட்டு வைத்திருக்கிறோம்.

கருண்.